சிவப்பு விளக்கும் ஸ்டெல்லா டீச்சரின் பேஸ் கிட்டாரும்

ஆம்ப்ளிஃபையரின் முகத்தில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது அழகுக்காக வைக்கப்பட்டது என்று நான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தாலும் மரியாதை மிஞ்சியிருக்கும். பாட்டின் அடிக்குத் தக்கபடி அது மினுக் மினுக்கென்று எரியும்போது, மாப்பிள்ளை வீட்டாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, "பாத்தீங்களா, நம்ம செட்டு மட்டுந்தான் பாட்டுக்கு ஏத்தாப்புல கண்ணடிக்கும்" என்று காட்டியிருக்கிறேன். அவர்களும் வியந்து, பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கிணற்றுக்குள் விழுந்து "காப்பாத்துங்க" என்று கத்துகிறவனை மேலே நின்றுகொண்டு "என்ன குரல் வளம்!" என்று மெச்சியதற்குச் சமம் அது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்து ஒலி ஒளி அமைப்பாளர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் பாதி விளம்பரம், மீதி மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி. இரண்டு பகுதியிலும் இன்னும் இடம்பெறாத என்னை இந்த வருடம் எழுதச் சொன்னார்கள். சீசனில், தாழ்ந்த சத்தத்துக்கென்று உள்ள பேஸ் ஸ்பீக்கர்கள் வரிசையாகக் கருகினவாம். "புது ஆம்ப்புல எல்லாம் லிமிட்டர் இருக்கு சித்தப்பா, அதுவே அடக்கி வாசிச்சுக்கும், எரியவே எரியாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எரிஞ்சிருச்சு" என்றான் அவர்களில் ஒருவன். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் கருவி வந்துவிட்டது உண்மைதான். தன்னை அடக்கிக்கொள்ளும் விழாக் கமிட்டி இன்னும் வரவில்லையே.

மைக்செட் தொழிலில் ஓய்வூதியம் கிடையாது, ஓய்வு மட்டும் உண்டு. முழங்கால் இனி ஏணி ஏறமாட்டேன் என்று சொன்ன வருடம் நான் அதைப் பெற்றுக்கொண்டேன்.

தொழிலுக்கு வந்த கதை சின்னது. வரலாறு படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்கும்வரை இருப்போம் என்று இலுப்பூரில் வெள்ளைச்சாமி அண்ணன் கடையில் சேர்ந்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. குழாய் கட்டினேன், வயர் இழுத்தேன், இழுத்த வயரைச் சுருட்டினேன். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, என் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துவிடும் என்ற வரலாற்று உண்மையை நேரில் கண்டேன். முகூர்த்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நூலகத்துப் புத்தகங்களை, மைக்குகளின் சத்தத்தைக் கலக்கும் மிக்சருக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்தேன். இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

வெள்ளைச்சாமி அண்ணனைப் பற்றி அப்படிச் சுருக்கிவிட முடியாது. ஊரையே அதிரவைக்கும் தொழிலைச் செய்துகொண்டு, அவர் மட்டும் ரகசியம் சொல்வதுபோலப் பேசுவார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லோரும் குனிவார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ மரியாதை செய்வதுபோலத் தெரியும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். உதடு மட்டும் அசைந்து சத்தமே வராவிட்டால், அன்றைக்குக் கடைப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பது நல்லது.

ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை வேனிலிருந்து இறக்கியதும் அவர் செய்யும் முதல் காரியம் அதை மோந்து பார்ப்பது. மல்லிகைப்பூ வாங்க வந்தவர்போல மூக்கைக் கொண்டுபோய் வலையில் வைத்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு. அடுத்து, வலையைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் காகிதக் கோன்மேல் ஐந்து விரலையும் பரப்பி வைத்து, தூங்கும் குழந்தையின் மாரை அழுத்துவதுபோல மெல்ல உள்ளே தள்ளி விடுவார். காதைப் பக்கத்தில் வைத்திருப்பார். கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளைத்தான் நாங்கள் காயில் என்போம். அது சூட்டில் நெளிந்திருந்தால், தள்ளும்போது சர்ரக் என்று உரசும்.

"சொறியுதா?" என்று கேட்பார்.

"இல்லண்ணே."

"அப்ப மாட்டு."

திருகுகளை வைப்பதிலும் ஒரு முறை உண்டு. எல்லாத் திருகையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பாடுகிறவரையோ வாசிக்கிறவரையோ கூப்பிட்டு, "ஒங்களால எம்புட்டுச் சத்தமா முடியுமோ அம்புட்டும் இப்பவே காட்டிருங்க" என்பார். அவர்கள் காட்டுவார்கள். மிக்சரின் உள்வரும் திருகை மெல்ல மெல்ல ஏற்றுவார். சிவப்பு ஒருதரம் சிமிட்டும். "அந்தா. பாத்தியா? ஒரு நெல்லு கொறச்சு வையி" என்பார். ஒரு நெல் என்பது திருகின் விளிம்பில் ஒரு நெல்மணி அகலம். அடுத்து ஆம்ப்புக்கும் அதே முறை. வைத்து முடித்ததும் கையைத் துண்டால் துடைத்துக்கொள்வார். அந்தத் துடைப்புக்குப் பிறகு யாரும் எதையும் தொடக்கூடாது.

கமிட்டிக்காரர்களுக்குத் தொடாமல் இருக்க முடியாது. கிடா வெட்டுக்கு வந்த தலைவர்கள் நேராக மைக்செட் மேசைக்கு வந்து, "சவுண்டு பத்தல தம்பி, ஏத்து" என்பார்கள். அதற்காகவே எங்கள் மிக்சரில் மற்றவற்றைவிடப் பெரிதாகப் பளபளவென்று ஒரு திருகு இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வயர்கூடக் கிடையாது. அண்ணன் பணிவோடு அதை ஒரு சுற்றுத் திருகி, "இப்ப எப்படிங்க?" என்பார். தலைவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது. இதத்தானய்யா அப்பவே சொன்னேன்" என்பார். அந்தத் திருகில் திருப்தியடைந்தவர்களில் ஒன்றியம், மாவட்டம் எல்லா மட்டத்துத் தலைவர்களும் உண்டு. ஒருமுறை மட்டும் ஒருவர், "ரொம்ப ஏத்திட்டீக, காது வலிக்கிது" என்றார்.

இப்படிப்பட்டவரிடம் வேலை பார்த்தும் நான் சிவப்பு விளக்கை அழகு என்று நம்பியது எப்படி என்று கேட்கலாம். அவர் "ஒரு நெல்லு கொறச்சு வையி" என்றாரே தவிர, ஏன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சமையல்காரர் உப்பு அளவைச் சொல்வதுபோல என்று இருந்துவிட்டேன். அவர் இருக்கும்போது ஒரு நெல் குறைப்பேன். அவர் இல்லாதபோது அலங்காரத்துக்கு ஒரு நெல் கூட்டுவேன்.

திருமயம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்னைத் தனியாக அனுப்பினார். பெரிய பாக்ஸ், சின்ன ஆம்ப். சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு அபாரத் தைரியம். நோஞ்சான் அடித்துப் பயில்வான் சாவானா? பேஸ் திருகைக் கடைசிவரை திருகினேன். சிவப்பு விளக்கு சிமிட்டுவதை விட்டுவிட்டு நிரந்தரமாகவே எரிந்தது. பந்தலுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டு, ஈரத்துணியைக் கிழிப்பதுபோலப் பர்ர்ரென்றது. அடுத்த பாட்டில் அந்தச் சத்தமும் இல்லை. சாம்பார் அடிப்பிடித்துவிட்டதாகச் சமையற்கட்டில் ஒரு சண்டை வந்தது. வாடை என் பாக்ஸிலிருந்துதான் வந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பாக்ஸைக் கடையில் இறக்கியதும் அண்ணன் மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார்.

"என்ன வாட?"

"எரிஞ்ச வாடண்ணே."

"என்னா எரிஞ்ச வாட?"

"வார்னிஷுண்ணே. காயில் மேல பூசுற வார்னிஷு."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நல்லவேளையாக எதிரே இளநீர்க்காரர் வண்டி நின்றது. அண்ணன் என்னை அங்கே தள்ளிக்கொண்டு போய், தலை சீவாத இளநீர் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இதான்டா பாட்டோட அலை. உருண்டையா மேல ஏறி உருண்டையா எறங்கும். இப்ப சீவச் சொல்லு."

இளநீர்க்காரர் ஒரே வீச்சில் உச்சியைச் சீவினார். மேலே தட்டையாக இருந்தது.

"ஆம்ப்புக்கு ஒரு கூரை இருக்கு. அந்த ஒசரத்துக்கு மேல அலைய அனுப்ப அதால முடியாது. நீ ஏத்து ஏத்துன்னா, கூரையில இடிச்சு மண்டை தட்டையாயிரும். உருண்டையா போனா காயில் போய்ட்டுப் போய்ட்டு வரும். தட்டையாப் போனா அந்த உச்சியிலயே பிடிச்சு நிறுத்தி வச்சுச் சுடும். சின்ன ஆம்ப்புன்னு எளக்காரம் பேசாத. சின்ன ஆம்ப்புக்குக் கூரை தாழ்வு, சீக்கிரம் இடிக்கும். அந்தச் செவப்பு என்னான்னு நெனச்ச? மண்டை இடிக்கிதுடா, மண்டை இடிக்கிதுடான்னு அது கத்துது."

பிற்பாடு நூலகத்தில் இதைப் படித்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட அலை, வெட்டுப்படாத அலையைவிட அதிகச் சூட்டைக் காயிலுக்கு அனுப்புகிறது. வெட்டிய விளிம்புகள் கீச்சுக் குரலாக மாறி, பாவம், கீச்சுச் சத்தத்துக்கென்று உள்ள ஒன்றுமறியாத குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரை முதலில் கொல்கின்றன. புத்தகத்தில் இதற்கு மூன்று படம் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரு இளநீர் போதுமானதாக இருந்தது. அந்த இளநீரையும் எனக்குக் கொடுக்காமல் அவரே குடித்தார்.

அன்றிலிருந்து அண்ணன் வைத்த சட்டம் ஒன்றுதான்: "காத நம்பாத, வெளக்க நம்பு. காது கமிட்டிக்காரன் மாதிரி, நேரத்துக்கு ஒண்ணு சொல்லும்." நானும் பக்தியோடு விளக்கை நம்பினேன். அந்தப் பக்திதான் எங்கள் இருவரையும் ஆவூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கவிழ்க்கப் பார்த்தது.

அது நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. பொங்கல் கழிந்த சமயம். அந்த ஊர்க் கத்தோலிக்கப் பையன் ஒருவர் சாமியாராகக் குருப்பட்டம் வாங்கி, சொந்த ஊர்க் கோயிலில் முதல் பூசை வைக்க வருகிறார். ஊரே பந்தல் போட்டு நின்றது. அங்கே பாடல் குழுவில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர். பள்ளியில் கணக்கு எடுப்பார், கோயிலில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நான்கு தடித்த கம்பி கட்டிய நீளமான கிட்டார் அது. பாட்டுக்கு அடியில் தரைபோல நிற்கவேண்டிய சத்தம் அதனுடையது. புதுச் சாமியார் சின்ன வயதில் டீச்சரின் குழுவில் பாடியவர். போனில் கூப்பிட்டு, "டீச்சர், என் முதல் பூசைக்கு நீங்க பேஸ் வாசிக்கணும்" என்று கேட்டிருக்கிறார்.

"வாசிக்கிறேன் ஃபாதர். கேக்குமான்னு சொல்ல முடியாது" என்று டீச்சர் சொன்னாராம்.

அதில் அடக்கம் ஒன்றும் இல்லை, உண்மைதான் இருந்தது. குழுவிடம் இருந்தவை பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ற ஒல்லியான பாக்ஸ்கள். பேஸ் அவற்றுக்குள் போனால் திரும்பி வராது. டீச்சர் இருபது வருடங்களுக்கு மேலாக விரல் தேய வாசித்தும், ஒரு சுரம்கூட யார் காதிலும் விழுந்ததில்லை. அவருடைய கணவர் அந்தோணி அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் என்னிடம் சொன்னார்: "டிக்கெட்டு எடுக்காம ஏறுன ஆளு மாதிரிங்க இவ. உள்ள இருக்காளா எறங்கிட்டாளான்னே தெரியாது."

"சிரிக்காதீங்கண்ணே" என்றார் டீச்சர் என்னிடம். "கீபோர்டு வாசிக்கிற பிள்ளைக, எடது கையிலயே பேஸ் வருது, டீச்சர் எதுக்குச் செரமப்படணும்னு சொல்ல ஆரம்பிச்சிருச்சுக. பாசமாத்தான் சொல்லுதுக. இந்தப் பூசையிலயும் கேக்கலைன்னா இத உறையில போட்டு பீரோ மேல வச்சிர வேண்டியதுதான்."

அதற்காகத்தான் எங்கள் கடையிலிருந்து பேஸுக்கென்றே உள்ள ஆம்ப்பும், ஆளுயரத்தில் பாதி வரும் பாக்ஸும் எடுத்திருந்தார். பெரிய விசேஷம் என்பதால் அண்ணனும் கூட வந்தார். பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம், கூரைபோட்ட பந்தலுக்குள் பாக்ஸை ஒரு பெஞ்சின்மேல் ஏற்றி வைத்தோம். அண்ணன் மோந்தார். விரல் பரப்பித் தள்ளினார். சொறியவில்லை. மாட்டினோம்.

டீச்சர் எல்லாவற்றிலும் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். பர்ர்ர்.

எருமை மாடு நனைந்த கோணிச்சாக்கைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி, நாகரிகம் கருதி மறுபடி திரும்பிக்கொண்டார்கள். டீச்சர் முகம் சிறுத்துவிட்டது.

"அண்ணே, மண்டை இடிக்கிது" என்றேன்.

அண்ணன் ஆம்ப்பைப் பார்த்தார். "வெளக்கு எரியலையே."

எரியத்தான் இல்லை. காது இடிக்கிறது என்றது, விளக்கு இல்லை என்றது. காதை நம்பாதே என்பதல்லவா சட்டம்? ஆகவே, குற்றவாளியை விட்டுவிட்டு ஊரில் மற்ற எல்லோரையும் விசாரித்தோம். வயரை மாற்றினோம். பர்ர். கிட்டாரில் வயர் சொருகும் பின்னைக் கழற்றித் துடைத்தோம். பர்ர். டீச்சரை மெல்ல வாசிக்கச் சொன்னோம். மெல்லிய பர்ர் வந்தது. டீச்சர், அவருக்குத் தெரிந்த முறையில், பேஸ் திருகை முழுக்கத் திருகிப் பார்த்தார். பர்ர்ர்ர்ர். அந்தோணி அண்ணன் தள்ளி நின்று, "கேக்குதுடி, கேக்குது!" என்று உற்சாகப்படுத்தினார்.

அண்ணன் மறுபடி பாக்ஸிடம் குனிந்து மோந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. நானும் குனிந்தேன். லேசாக, மிக லேசாக, அந்தத் திருமயத்து வாடை.

"காயில் போச்சு போல. இல்லன்னா போகப்போகுது" என்றார். குரல் கிட்டத்தட்ட இல்லை. "முகூர்த்த நாளு. மாவட்டத்துல வேற பாக்ஸ் எங்கயும் சும்மா கெடக்காது. இதும் போச்சுன்னா சீசன் முழுக்க நமக்கு இல்ல. கழட்டு. வண்டியில ஏத்து."

டீச்சர் குனிந்துதான் அதைக் கேட்டார், எல்லோரையும்போல. கிட்டார் உறை நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் வயரைப் பிடுங்கக் கை வைத்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வயரைப் பிடுங்கியிருக்கிறேன், அது மட்டும் கனமாக இருந்தது.

"கடைசியா ஒரு தரம்ண்ணே" என்று டீச்சர் மெதுவாக ஒரு கம்பியைத் தொட்டார். தொட்டவர், வாசிப்பதை விட்டுவிட்டு ஆம்ப்பையே பார்த்தார். மறுபடி தொட்டார்.

"அண்ணே, ஒங்க சாமிப் பொட்டு நான் வாசிக்கிறப்பல்லாம் மினுக்குது."

நாங்கள் பார்த்தோம். ஆம்ப்பின் முகத்தில் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு வைத்தது. எங்கள் கடையில் அண்ணன்தான் தன் கையால் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பார். ஏணிக்கும் உண்டு, ஸ்குரூடிரைவருக்கும் உண்டு. எதிலும் ஒரு நெல் பிசகாத கை. நட்டநடுவில், எங்கே ஒரு குட்டி வட்டம் பொட்டுக்கென்றே விட்டுவைத்ததுபோல இருந்ததோ, அங்கே குறிபார்த்துச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தியிருந்தார். மாதக்கணக்கில் காய்ந்து சிமெண்டாக இறுகிய சந்தனத்தில் மயிரிழை விரிசல். டீச்சர் கம்பியைத் தொடும்போதெல்லாம் அந்த விரிசல் வழியாக உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று ஒளி வந்தது.

விளக்கு அத்தனை நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அண்ணன் அதன் கண்ணை மூடிவிட்டு, அது பேசவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது உதடு அசைந்தது. சத்தம் இல்லை. ஆனால் இந்தமுறை கோபம் யார்மேல் என்று அவருக்கே குழப்பமாக இருந்தது.

"தொடச்சிரவாண்ணே?" என்றேன்.

"டேய், ஆயுத பூஜைக்கு வச்ச பொட்ட நடுவுல அழிக்கப்படாதுடா."

"வெளக்கு தெரியாம எப்படிண்ணே வைக்கிறது?"

"அது சரித்தான். ஆனா நான் தொட மாட்டேன். நீயும் தொடக்கூடாது."

நாங்கள் மூன்று பேரும் ஆம்ப்பைச் சுற்றி நின்றோம். மின்னியல், இறையியல் இரண்டும் சந்திக்கும் இடத்தில் என் பட்டப்படிப்பு உதவவில்லை. டீச்சர்தான் கிட்டாரைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் நனைத்தார்.

"நாங்க வேதக்காரங்கண்ணே. அந்தத் தோஷமெல்லாம் எங்கமேல ஒட்டாது. நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

அண்ணன் உடனே அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். பந்தல் காலை உற்றுப் பார்த்தார். டீச்சர் விளக்கை மட்டும் நகத்தால் சுரண்டித் துடைத்துவிட்டு, எடுத்த சந்தனத்தைப் பத்திரமாகப் பக்கத்தில், பெயர் எழுதியிருந்த இடத்தில், மறுபடி ஒரு பொட்டாக வைத்தார். அவ்வளவு கச்சிதம். கணக்கு டீச்சர் அல்லவா, எதையும் விட்டுவிடாமல் இடம் மாற்றி வைத்தார்.

"அழிக்கலண்ணே. நகத்தித்தான் வச்சிருக்கேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பேஸ் திருகு முழுசாக ஏறியிருந்ததை முதலில் நடுவுக்கு இறக்கினார்.

"பேஸு கேக்கணும்னா ஏத்தத்தான வேணும்?" என்றார் டீச்சர்.

"எறக்குனாத்தான் கேக்கும் டீச்சர். தாந்த சத்தத்துக்குத் தீனி ஜாஸ்தி. அத ஏத்த ஏத்த ஆம்ப்பு திணறிப்போகும். திணறுறது பேஸு இல்ல, இரைச்சல்."

அப்படியும் விளக்கு அவ்வப்போது எரிந்தது. அதிலும் ஒரு விசித்திரம்: டீச்சர் ஒரே மாதிரி வாசித்தாலும், சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கோயிலுக்குப் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நாளைய விருந்துக்குச் சமையல்காரர்கள் தேங்காய் அரைக்கிறார்கள்; பூசை நேரத்திலும் அரைப்பார்கள். கிரைண்டர், சீரியல் லைட்டு, எங்கள் ஆம்ப் மூன்றும் ஒரே லைனில். கிரைண்டர் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்பின் கூரையும் இறங்கும். டீச்சர் தட்டும் அதே தட்டு அப்போது மண்டையை இடிக்கும். ஆக, புதுச் சாமியாரின் முதல் பூசையில் பேஸ் கேட்குமா கேட்காதா என்பது சட்னியின் கையில் இருந்தது. ஆம்ப்புக்கு மட்டும் எங்கள் ஜெனரேட்டரிலிருந்து தனி லைன் இழுத்தோம்.

கடைசியாகப் பாக்ஸைப் பெஞ்சிலிருந்து இறக்கி, தரையில், கோயில் சுவரின் மூலையை ஒட்டி வைத்தோம். உயரத்தில் வைத்தால் பேஸ் நாலாபக்கமும் சிதறிப்போகும். தரையும் சுவரும் அதைத் திருப்பி முன்னால் தள்ளிவிடும். கரண்ட் கேட்காத ஆம்ப் அந்த மூலை. அண்ணன் வலையைக் கழற்றினார். விரலைப் பரப்பிக் கோன்மேல் வைத்தார். தள்ளினார். நானும் டீச்சரும் காதை நீட்டினோம்.

"சொறியல" என்றார். "சூடாயிருக்கு, கருகல. பொழச்சுக்கிச்சு."

வலையை மாட்டிவிட்டுத் தொடர்ந்தார்: "ஒங்களால எம்புட்டு முடியுமோ அம்புட்டும் காட்டுங்க டீச்சர்."

டீச்சர் காட்டினார். சிவப்பு ஒருதரம் சிமிட்டியது. அண்ணன் ஒரு நெல் குறைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். டீச்சர் மறுபடி தடித்த கம்பியைத் தட்டினார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத்தான் வந்தது. பந்தல் தரை லேசாகச் சிலிர்த்தது. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று ரகசியம் பேசின. நிறைவாக, உருண்டையாக, சீவாத இளநீராக வந்தது. டீச்சர் அந்த ஒரு சுரத்தையே அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். இருபது வருடங்களுக்கு மேலாகத் தான் வாசித்ததை முதல்தடவையாகக் கேட்கிற ஒருவரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஒரு கணக்கு டீச்சருக்குக் கொஞ்சமும் பொருந்தாத விதத்தில், கையை மேலே தூக்கி, "ஏய்ய்!" என்று கத்தினார்.

மறுநாள் காலைப் பூசையில் கூட்டம் பந்தலைத் தாண்டித் தெருவில் நின்றது. வருகைப் பாடல் தொடங்கியது. கீபோர்டு வாசித்த பிள்ளை இரண்டாவது வரியில் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தான். பீடத்துக்குப் போய்க்கொண்டிருந்த புதுச் சாமியார், கைகூப்பியபடியே, தலையை மட்டும் பாட்டுக்குத் தக்கபடி ஆட்டிக்கொண்டு போனார். பிரசங்கத்துக்கு முன்னால், "என் டீச்சர் வாசிக்கிறது இன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு" என்றார். கூட்டம் கை தட்டியது. பூசையில் கை தட்டலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. வெள்ளைச்சாமி அண்ணன் பூசை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு ஆம்ப் பக்கத்திலேயே நின்றார். சிவப்பு ஒருதரம்கூட எரியவில்லை.

விருந்தில் முதன்முறையாக முதல் பந்தியில் உட்கார்ந்தேன். டீச்சரே என்னைப் பிடித்து உட்கார வைத்தார். எனக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் டீச்சர், எதிரே அந்தோணி அண்ணன். குழுப் பிள்ளைகள் வரிசையாக வந்து டீச்சர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். வாசிப்பு எப்படி இருந்தது என்று கணவரிடம் மட்டும் டீச்சர் கேட்கவில்லை. கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தோணி அண்ணன் அவசரப்படவில்லை. எலும்பைக் கடித்து முடித்து, விரலைச் சுத்தமாகச் சப்பிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னைக்கித்தாங்க எனக்குத் தெரியுது, இத்தன வருஷமா எது இல்லாம பாட்டு நல்லா இருந்துச்சுன்னு."